கட்டைவிரல் போதாது, ஒரு வரி எழுதுங்கள்

(வட்டியில்லாக் கடன் பெற்றுச் சிறுதொழில் செய்பவர்களுக்காக நமது அறக்கட்டளை மண்டபத்தில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே! வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் தவணை பாக்கியைப் பற்றித்தான் பேசுவேன். நான் எழுந்து நின்றாலே சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இன்று பயப்பட வேண்டாம். தவணை ஏன் நின்றுபோகிறது என்று வீடு வீடாக விசாரித்தபோது எனக்குத் தெரியவந்த ஒரு விஷயத்தைச் சொல்லப்போகிறேன். உங்கள் கையில் இருக்கும் செல்போனில் வாடிக்கையாளருக்கு நீங்கள் எழுதுகிற, அல்லது எழுதாமல் விடுகிற, மெசேஜ் பற்றியது அது.

நம் மஹல்லாவில் ஒரு சகோதரி வீட்டிலேயே தம்ரூட், வட்டலாப்பம் செய்து விற்கிறார். பெயர் வேண்டாம். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். நம்மிடம் கடன் பெற்றுப் பெரிய அடுப்பும் பாத்திரமும் வாங்கினார். கையும் சுத்தம், கணக்கும் சுத்தம். ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து அவருக்கு 8 கிலோ தம்ரூட் ஆர்டர் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் பண்டம். வாட்ஸ்அப்பில் வந்தது ஒரே வரி: "லாத்தா, 8 கிலோ தம்ரூட் வெள்ளி ராவுக்கு வேணும்." இவர் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தைப் போட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நமக்கு மஃரிபோடு நாள் மாறிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளி ராவு என்று சொன்னால் அது வியாழக்கிழமை பொழுது அடைந்தபின் வருகிற இரவு. ஆர்டர் கொடுத்த பெண் தன் உம்மா சொன்னதை அப்படியே தட்டி அனுப்பிவிட்டார். இங்கே நம் சகோதரியின் மகன் பள்ளிக்கூடத்துக் கணக்கில் வளர்ந்த பிள்ளை. மெசேஜைப் படித்துவிட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுழித்து வைத்தான். வியாழன் மஃரிபுக்குப் பிறகு கல்யாண வீட்டு ஆள் வாசலில் வந்து நிற்கிறார், இங்கே ரவை இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை.

அதன்பிறகு நடந்ததை நீங்களே யூகிக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தலைகுனிவு. வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வாங்கி வைத்த முட்டையும் நெய்யும் நஷ்டம். இரண்டு மாதத் தவணை நின்றது. அதைவிடப் பெரிய கஷ்டம், 20 வருடமாக ஒரே தெருவில் பழகிய இரண்டு பெண்மணிகள் சலாம் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். அறக்கட்டளை சார்பில் நானும் இரண்டு பெரியவர்களும் மூன்று தடவை உட்கார்ந்து பேசினோம். இரண்டு பேரும் போனை எங்கள் முன்னால் நீட்டி, "பாருங்க காக்கா, நான் சொன்னது இதிலேயே இருக்கு" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வரியிலே பொய் இல்லை, தேதிதான் இல்லை.

நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத் எது என்று கேட்பார்கள். நாங்கள் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இருக்கும் என்று நினைப்போம். இல்லை. சூரா பகராவின் 282ஆவது ஆயத். தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிற ஆயத் அது. தொகை சிறியதோ பெரியதோ, எழுதச் சலித்துக்கொள்ளக் கூடாது என்கிறது. கைக்குக் கை அங்கேயே முடிந்துவிடும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் விலக்குக் கொடுக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டுப் பிற்பாடு பொருளை வாங்கும் ஸலம் வியாபாரம் குறித்தே இது அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாகத் தப்ஸீர்களில் வருகிறது. நம் தம்ரூட் ஆர்டரும், பெருநாளைக்கு ஒரு மாதம் முன்பே கொடுக்கும் புர்கா தையலும், வலீமாவுக்குச் சொல்லி வைக்கும் பிரியாணிச் சட்டியும் இந்த வகையோடு ஒட்டியவைதானே!

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழத்துக்குப் பேசி வைக்கும் வழக்கம் இருந்தது. நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. நம் சகோதரிக்கு வந்த மெசேஜை இதில் வைத்துப் பாருங்கள். எடை இருந்தது, 8 கிலோ. தவணை தெரிந்ததுபோல் இருந்தது, தெரியவில்லை.

அந்த ஆயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எழுத்தர் எழுதும்போது வாசகத்தை யார் சொல்ல வேண்டும்? பொறுப்பு யார் தலையில் இருக்கிறதோ அவர் சொல்ல வேண்டும், எதையும் குறைக்காமல் சொல்ல வேண்டும். இதை நான் நம் மெசேஜுக்கு இப்படிப் பொருத்திப் பார்க்கிறேன். மார்க்கத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்கு ஹழரத்மார்கள் இருக்கிறார்கள். வியாபாரி என்ற முறையில் என் புரிதல் இது. பொருளைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது என்றால், ஆர்டரை நாமே திரும்ப எழுதி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் பாக்கி வைத்தால், பாக்கித் தொகையை அவரை விட்டே எழுதச் சொல்ல வேண்டும். "இந்த மாசம் 20ஆம் தேதிக்குள் 1,400 தருகிறேன்" என்று அவர் கையால் ஒரு வரி வந்துவிட்டால் பிற்பாடு யாரும் யாருடைய முகத்தையும் முறைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே ஆர்டர் வந்தால் கட்டைவிரலைப் போடாதீர்கள். சிலருக்கு அது 'சம்மதம்', சிலருக்கு 'பார்த்துவிட்டேன்', என் பேரனுக்கு 'பேச்சை முடி'. நீங்கள் திருப்பி எழுத வேண்டியது இவ்வளவுதான்: "அஸ்ஸலாமு அலைக்கும். தம்ரூட் 8 கிலோ. 12ஆம் தேதி வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு எங்கள் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் 2,000 வந்தது. மீதியை வாங்கும்போது தரவும். சரிதானா என்று பதில் எழுதவும்." எழுத ஒரு நிமிடம். தேதியும் இருக்க வேண்டும், கிழமையும் இருக்க வேண்டும். ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும். 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று நீங்கள் தப்பாக எழுதினாலும் எதிரில் இருப்பவர், "12 வியாழனாச்சே" என்று கேட்பார். நேரத்தையும் மணிக்கணக்கில் போடுங்கள். 'அஸருக்கு' என்றால் பாங்கு சொல்லும்போதா, ஜமாஅத் முடிந்த பிறகா? மஃரிப் நேரம் மாதத்துக்கு மாதம் நகர்கிறது. வெளியூர்க்காரரும் மாற்று மதச் சகோதரரும் நம்மிடம் பொருள் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மணிதான் தெரியும்.

இனி, வாட்ஸ்அப் இல்லாத வாடிக்கையாளர் பற்றி. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய. அவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.தான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு பொறியாளர் கணினியிலிருந்து செல்போனுக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துதான் உலகின் முதல் எஸ்.எம்.எஸ். அது ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 இடம்தான். அந்த 70ஐயும் நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணுவதில்லை. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் பிடிக்கும். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்பதில் நம் கண்ணுக்குப் பத்து எழுத்தும் நடுவில் ஒரு இடைவெளியும்தான். போன் அதை 18 என்று கணக்கிடும். 70ஐத் தாண்டினால் செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் 67 இடம், மீதி மூன்று துண்டுகளை ஒட்டுவதற்குப் போய்விடும். பல பிரீபெய்டு திட்டங்களில் நாளுக்கு 100 எஸ்.எம்.எஸ். தருகிறார்கள். நீளமான தமிழ்ச் செய்தி ஒன்று அதில் மூன்றை விழுங்கிவிடும். பழைய போன்களில் துண்டுகள் முன்பின்னாக வந்து விழுவதும் உண்டு.

சலாமை விடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். "மதிப்பிற்குரிய எங்கள் வாடிக்கையாளர் பெருமக்களுக்கு" என்ற அடுக்குத்தான் வேண்டாம். பொருள், தேதி, தொகை இந்த மூன்றும் முதல் 70 இடத்துக்குள் வந்துவிட்டால் போதும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது பிள்ளைகளுக்குச் சுலபம், இடமும் மிச்சம். ஆனால் 60 வயது அத்தம்மாவுக்கு அது படிக்க வராது. படிக்கவே தெரியாதவர்களுக்கு, கண் மங்கியவர்களுக்கு, போன் போட்டுப் பேசிவிடுங்கள். அவர் வீட்டுப் பிள்ளையின் எண்ணுக்கும் ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

குரல் பதிவு அனுப்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கைவேலையாக இருக்கும் பெண்களுக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து, "எத்தனை முழம் சொன்னார்கள்?" என்று தேடும்போது முப்பது குரல் பதிவையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். குரலில் வந்தால் கேட்டுவிட்டு அதன் சாரத்தை எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். போன் தண்ணீரில் விழும், திருடு போகும். சிலர் மெசேஜ் தானாக அழிந்துபோகும்படி வைத்திருப்பார்கள். ஆகவே உங்கள் நோட்டில் எழுதும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பாக்கிப் பணம் கேட்கும் மெசேஜுக்கு வருகிறேன். இதில் நானே ஒரு தவறு செய்தவன். மறைக்க என்ன இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் எங்கள் கடையில் பாக்கி நிறையச் சேர்ந்துவிட்டது. பெருநாள் சரக்குக்குப் பணம் வேண்டும். ஒவ்வொருவராக எழுதச் சோம்பல்பட்டு, போனில் இருந்த எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். கடன் வைத்திருப்பவர்கள் அல்லாஹ்வுக்குப் பயந்து உடனே கட்டவும் என்கிற மாதிரி வாசகம். மறுநாள் காலை ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். என் வாப்பா காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிறவர். ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. கல்லா மேசை மேல் 500 ரூபாய்த் தாளை வைத்துவிட்டு, "நான் எதை மறந்துட்டேன்னு பாருங்க தம்பி" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. அதன்பிறகு அவர் கடைக்கு வரவே இல்லை. வேறொரு வீட்டில், வாப்பாவின் போனை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை அந்தச் செய்தியை விருந்தாளிகள் முன்னால் சத்தமாகப் படித்திருக்கிறது. அந்த மனிதர் உண்மையிலேயே பாக்கிக்காரர். வேலை போய் நான்கு மாதம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது. பகராவின் 280ஆவது ஆயத், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. நான் அவருக்கு அவகாசம் கொடுக்காததோடு, அல்லாஹ்வின் பயத்தையும் காட்டினேன்.

நம் வீடுகளில் ஒரு போனை ஒரே ஆள் வைத்திருப்பதில்லை. பிள்ளை எடுக்கும், மருமகள் எடுப்பாள். ஆகவே பாக்கி கேட்கும் முதல் செய்தியில் தொகையை எழுதாதீர்கள். "சலாம். கணக்கு ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது, வசதியான நேரத்தில் கடைக்கு வாங்க" என்றால் அவருக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது. அதற்குப் பதில் வராவிட்டால் நேரில் போங்கள், தனியாகப் பேசுங்கள். தெருக் குரூப்பிலோ ஜமாஅத் குரூப்பிலோ ஒருவருடைய பாக்கியைப் பற்றி ஜாடைமாடையாகக்கூட எழுதாதீர்கள். ஸ்டேட்டஸில் ஹதீஸைப் போட்டுக் கடனாளியைக் குத்துவதும் இதில் சேர்ந்ததுதான். யாருக்காகப் போடுகிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

விளம்பரச் செய்திக்கு வருவோம். பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்டுச் சலாம் சொல்ல வேண்டும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று சூரா நூர் கற்றுக்கொடுக்கிறது. ஒருவருடைய போனுக்குள் நுழைவதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஜகாத் பட்டியலில் இருக்கும் எண்கள், மையித்து அறிவிப்புக்காகத் திரட்டிய எண்கள், உம்ரா போன குழுவின் எண்கள் ஆகியவற்றை எடுத்து ஜவுளி விளம்பரம் அனுப்புவது அமானிதத்தில் கை வைப்பது. சென்ற ரமழானில் நம் அறக்கட்டளைக் குரூப்பிலிருந்தே ஒருவர் எண்களை எடுத்துப் பயன்படுத்தினார். எடுத்தவருக்குத் தெரியும், இங்கேயும் வந்திருக்கிறார். அதை இத்தோடு விடுகிறேன்.

சட்டமும் இதில் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2010ஆம் ஆண்டு விதிகளிலேயே இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரச் செய்தி அனுப்பத் தடை போட்டது. 2018இல் வந்த புதிய விதிகளின்படி, மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும், அனுப்புநர் தலைப்பையும், செய்தியின் மாதிரி வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2025இல் விதிகளைத் திருத்தியபோது தலைப்பின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தையும் சேர்த்தார்கள். 'பி' என்று இருந்தால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவைச் செய்தி, 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை போன்றவை, 'ஜி' என்றால் அரசுச் செய்தி. உங்கள் போனில் இப்போதே திறந்து பாருங்கள், தெரியும். பதிவில்லாமல் சொந்த சிம்மிலிருந்து விளம்பரம் அனுப்பினால், பெறுகிறவர் 1909க்குப் புகார் செய்யலாம். 10 நாளுக்குள் 5 பேர் புகார் செய்தால் அந்த எண் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதே திருத்தத்தில் இருக்கிறது. ஊரெல்லாம் தெரிந்த உங்கள் கடை எண் முடங்கிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது, ஐம்பது வாடிக்கையாளர் உள்ள நமக்கு அந்தப் பெரிய பதிவெல்லாம் தேவைப்படாது. வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 ஜனவரியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் கடைப் பெயர், திறந்திருக்கும் நேரம், பொருட்களின் படமும் விலையும் போட்டு வைக்கலாம். அடிக்கடி கேட்கும் கேள்விக்குப் பதிலை முன்பே எழுதி வைத்து ஒரு தட்டலில் அனுப்பலாம். 'முன்பணம் வந்தது', 'தைத்து முடிந்தது' என்று வாடிக்கையாளர் பெயரோடு அடையாளச் சீட்டு ஒட்டி வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியல் வசதியில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். அனுமதி கேட்கும் முறை அதிலேயே இருக்கிறது. குரூப் ஆரம்பித்து எல்லாரையும் உள்ளே இழுத்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். குரூப்பில் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெண் வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது.

சகோதரிகள் இரண்டு மூன்று பேர் என் மனைவி மூலமாக ஒரு கஷ்டத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தையலுக்கும் பண்டத்துக்கும் எண்ணைக் கொடுத்துவிட்டால், நேரங்கெட்ட நேரத்தில் "சாப்பிட்டீர்களா" என்று மெசேஜ் வருகிறதாம். இதைக் கேட்ட வீட்டு ஆண்கள், தொழிலே வேண்டாம் என்று போனைப் பிடுங்கி வைத்ததும் நடந்திருக்கிறது. கதீஜா (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பி வியாபாரம் செய்தவர்கள் என்பதை அந்த ஆண்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. தப்பு செய்தவன் வெளியே இருக்கிறான், தண்டனை வீட்டில் இருப்பவருக்கா? தொழிலுக்குத் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் உங்கள் பெயருக்குப் பதில் தொழில் பெயரும் பண்டத்தின் படமும் போடுங்கள். பதில் எழுதும் நேரத்தை முகப்பிலேயே அறிவித்துவிடுங்கள். வியாபாரத்துக்கு வெளியே ஒரு சொல் வந்தால் பதில் எழுதாமல் எண்ணைத் தடுத்துவிடுங்கள். தொடர்ந்தால் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், காவல் நிலையத்துக்கு நாங்கள் கூட வருகிறோம்.

நேரமாகிறது. மோசடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வருடம் மட்டும் நம் ஆட்கள் மூன்று பேர் ஏமாந்திருக்கிறார்கள். பணம் அனுப்பிவிட்டதாக வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள், அந்தப் படத்தைப் போலியாகத் தயாரிக்க முடியும். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். வங்கியிலிருந்து வந்ததுபோல ஓர் எஸ்.எம்.எஸ். பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வந்தால் அது வங்கி இல்லை. பணம் உங்களுக்கு வருவதற்கு உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைத் தட்டவே வேண்டியதில்லை. தட்டச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது. நிக்காஹ் பத்திரிகை என்று ஏ.பி.கே. என முடியும் கோப்பு வந்தால் திறக்காதீர்கள், அது போனுக்குள் புகுந்துகொள்ளும் செயலி. செய்தி கொண்டு வருபவனை விசாரித்துத் தெளிந்துகொள்ளச் சூரா ஹுஜுராத் சொல்லியிருக்கிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

படம் அனுப்பி விற்கிறவர்களுக்கு ஒன்று. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். நம் போனில் இருக்கும் படம் அந்தக் குவியலின் மேற்பரப்பு மாதிரி. துணியின் நிறம் மஞ்சள் விளக்கில் ஒன்று, வெயிலில் ஒன்று. பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அந்த ஓரத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். கம்பெனிப் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வேறு சரக்கைக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

தாமதம் ஆகும் என்று தெரிந்த உடனேயே எழுதிவிடுங்கள். மிஷின் பழுது, உடம்பு சரியில்லை, மின்சாரம் இல்லை, எதுவாக இருந்தாலும் சரி. நாம் என்ன செய்கிறோம்? அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். போன் அடித்தால் எடுப்பதில்லை. மெசேஜைப் பார்த்தால் நீலக்குறி விழுந்துவிடுமே என்று திறக்காமலே வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு, சிரிக்காதீர்கள். இரண்டு நாள் முன்னால் "சனிக்கிழமை முடியாது, திங்கள் காலை 11 மணிக்குத் தருகிறேன், அதற்குமுன் வேண்டுமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், முன்பணத்தைத் தந்துவிடுகிறேன்" என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் காத்திருப்பார்கள். என் 30 வருடக் கடை அனுபவத்தில் சொல்கிறேன். கடைசி நிமிடத்தில் தெரிந்தால் ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள்.

வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் நம் அலுவலகத்தில் இருப்பார்கள். சகோதரிகளுக்கு மேல்மாடியில் தனி ஏற்பாடு, அங்கே பெண் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஏற்றிக் கொடுப்பார்கள், ஆர்டர் வாசகத்தை ஒரு தட்டலில் போகும்படி எழுதி வைத்துத் தருவார்கள். போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள், கணக்கு நோட்டையும் எடுத்துவாருங்கள். கட்டணம் இல்லை. ரகசிய எண் எதையும் அந்தப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நீங்களாகவும் சொல்லாதீர்கள்.

அந்தத் தம்ரூட் சகோதரி என்ன ஆனார் என்று இந்தப் பக்கம் ஒருவர் கேட்கிறார். அல்ஹம்துலில்லாஹ், நின்ற தவணையைக் கட்டிவிட்டார். கல்யாண வீட்டுப் பெண்மணி இப்போது சலாம் சொல்கிறார், ஆர்டர் இன்னும் கொடுக்கவில்லை. போன வாரம் என் மகள் வீட்டுக்கு அனுப்ப நானே ஒன்றரை கிலோ கேட்டு மெசேஜ் போட்டேன். எடை, தேதி, கிழமை, மணி, விலை எல்லாம் எழுதி, சரிதானா என்று திருப்பிக் கேட்டு எழுதினார். நான் பள்ளிக்குப் போகிற அவசரத்தில் கட்டைவிரலைப் போட்டுவிட்டு நடந்தேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பதில் வந்திருக்கிறது: "காக்கா, இது செல்லாது. எழுதுங்க."

எழுதிவிட்டேன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.